66 அடிச் சங்கிலி

நிலத்தரகர் சென்ட் கணக்கில் விலை பேசுகிறார். ஊர்ப் பெரியவர் கோயில் ரெண்டு பர்லாங் தூரம் என்கிறார். கிரிக்கெட் ஆடுகளத்தில் ஸ்டம்புக்கு ஸ்டம்பு 22 கெஜம். இந்த மூன்றுக்கும் பொதுவான அளவுகோல் ஒன்று உண்டு: சர்வேயர்கள் பிடித்த 66 அடி இரும்புச் சங்கிலி. லண்டன் கிரஷாம் கல்லூரியில் வானியல் பேராசிரியராக இருந்த எட்மண்ட் கன்டர் 1620-ல் இதை வகுத்தார்.

ஆங்கிலேயரின் பழைய நீட்டல் அளவை ஏணிக்குச் சீரான படிகள் கிடையாது. 12 அங்குலம் ஓர் அடி, 3 அடி ஒரு கெஜம், ஐந்தரை கெஜம் ஒரு கோல், 40 கோல் ஒரு பர்லாங், 8 பர்லாங் ஒரு மைல். ஒரு பர்லாங் நீளமும் 4 கோல் அகலமும் உள்ள நிலம் ஓர் ஏக்கர். சதுர அடியில் 43,560. வயலை அடியில் அளந்தால், ஏக்கர் தெரிய இந்த எண்ணால் வகுத்தாக வேண்டும்.

கன்டர் அந்த 4 கோல் அகலத்தையே, அதாவது 66 அடியையே, ஒரு சங்கிலி என்று வைத்து 100 லிங்க்காகப் பிரித்தார். இப்போது பர்லாங் 10 சங்கிலி, மைல் 80 சங்கிலி, ஏக்கர் 10 சதுரச் சங்கிலி. ஒரு வயல் 5 சங்கிலி 20 லிங்க் நீளம், 4 சங்கிலி 50 லிங்க் அகலம் என்று வையுங்கள். 5.20-ஐ 4.50-ஆல் பெருக்கினால் 23.4. புள்ளியை ஓரிடம் இடப்பக்கம் தள்ளினால் 2.34: இரண்டு ஏக்கர் 34 சென்ட். வகுத்தலுக்கு வேலையே இல்லை. ஆயிரம் சதுர லிங்க் ஒரு சென்ட்.

சங்கிலியின் இரு முனையிலும் பித்தளைக் கைப்பிடி. பத்து லிங்க்குக்கு ஒரு பித்தளை வில்லை தொங்கும். பத்தாவதில் ஒரு பல், இருபதாவதில் இரண்டு, நாற்பது வரை இப்படி. நடுவில் வட்ட வில்லை. எந்த முனையிலிருந்து எண்ணினாலும் வரிசை ஒன்றுதான். வளையங்கள் உரசித் தேய்ந்தால் சங்கிலி நீண்டுவிடும். நீண்ட சங்கிலியால் அளந்தால் நிலம் குறைவாகத் தெரியும். அதனால் சங்கிலியையே அவ்வப்போது சரிபார்க்க வேண்டியிருந்தது.

மெட்ரிக்கில் கன்டர் சங்கிலி 20.1168 மீட்டர்; ஒரு லிங்க் சுமார் 20.12 சென்டிமீட்டர். இந்தியாவில் மெட்ரிக் முறை வந்தபின் 20 மீட்டர் சங்கிலியும் புழக்கத்துக்கு வந்தது. அதிலும் 100 லிங்க். நீளத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் மெட்ரிக் சங்கிலியில் 10 சதுரச் சங்கிலி 4,000 சதுர மீட்டர். ஏக்கரோ சுமார் 4,047. பழைய ஆவணத்தில் லிங்க் என்று இருந்தால், எந்தச் சங்கிலியின் லிங்க் என்று முதலில் கேளுங்கள். மாற்றிக் கணக்கிட்டால் ஏக்கருக்கு ஒரு சென்ட்டுக்கு மேல் பிசகும்.