மலிவு டிக்கட்டா, புள்ளி அட்டையா?

ஓட்டமாவடி, வாழைச்சேனை, மீராவோடை என்று கல்குடாப் பகுதியின் எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும், சஊதியிலோ கட்டாரிலோ துபாயிலோ ஒருவர் உழைக்கும் வீடுகள் பல உண்டு. அவர்கள் லீவில் வர நினைத்ததும் எழும் முதல் கேள்வி, எந்த விமானத்தில் வருவது என்பதுதான்.

ஒரு பக்கம் மலிவு விமானங்கள். ஷார்ஜாவின் எயார் அரேபியா 2003இலும், துபாயின் ஃப்ளை துபாய் 2009இலும் பறக்கத் தொடங்கின. மறுபக்கம் எமிரேட்ஸின் ஸ்கைவாட்ஸ், கட்டார் எயார்வேஸின் பிரிவிலேஜ் கிளப், ஸ்ரீலங்கனின் ஃப்ளைஸ்மைல்ஸ் போன்ற அங்கத்துவத் திட்டங்கள். பறக்கப் பறக்கப் புள்ளிகள் சேரும்; போதிய அளவு சேர்ந்தால் இலவச டிக்கட் பெறலாம். இவற்றில் நமக்கு ஏற்றது எது?

டிக்கட்டின் உண்மை விலை

மலிவு டிக்கட்டின் விலை பெரும்பாலும் ஆசனத்துக்கு மட்டும்தான். பெட்டி, சாப்பாடு, திகதி மாற்றம் எல்லாவற்றுக்கும் தனிக் கட்டணம். ஓர் உதாரணம் பார்ப்போம். மலிவு டிக்கட் 700 றியால், மற்றது பெட்டியும் சாப்பாடும் சேர்த்து 850 றியால் என்று வைத்துக்கொள்வோம். மலிவு டிக்கட்டில் பெட்டிக்கு 130, சாப்பாட்டுக்கு 30 கொடுத்தால் 860 ஆகிவிடும். மலிவு எங்கே போயிற்று?

முதலாளி லீவைப் பின்போட்டால் நிலைமை இன்னும் மோசம். திகதி மாற்றக் கட்டணம் சில வேளை டிக்கட்டின் விலையையே எட்டிவிடும். எனவே லீவும் விசாவும் கைக்கு வந்த பிறகே இத்தகைய டிக்கட்டை வாங்க வேண்டும். கட்டுநாயக்கவில் இறங்கும் நேரத்தையும் பாருங்கள். பஸ்ஸோ புகையிரதமோ இல்லாத வேளையில் இறங்கினால், மிச்சம் பிடித்தது வேன் கூலிக்குப் போய்விடும்.

இரு வேறு கம்பனிகளில் தனித்தனி டிக்கட் எடுத்து இடையில் மாறி வருவதும் ஆபத்து. முதல் விமானம் தாமதித்து அடுத்தது தவறினால், இரண்டாவது கம்பனி பொறுப்பேற்காது.

புள்ளிகள் யாருக்கு?

இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வருபவருக்குப் புள்ளிகளால் பெரிய பயன் இல்லை. ஸ்கைவாட்ஸ் புள்ளிகளின் ஆயுள் மூன்று வருடம். அத்துடன் விலை குறைந்த டிக்கட்டுக்குப் புள்ளியும் குறைவு. வருடா வருடம் குடும்பத்துடன் வந்து போகிறவருக்கே இது இலாபம். குடும்பத்தவரின் புள்ளிகளை ஒன்றாகச் சேர்க்கும் வசதியும் சில கம்பனிகளில் உண்டு.

ஆயினும் அங்கத்துவத்துக்குக் காசில்லை. சேர்ந்து வைப்பதில் நட்டமில்லை. கம்பனி எடுத்துக் கொடுத்த டிக்கட் என்றாலும் புள்ளிகள் பறப்பவர் பெயரில்தான் சேரும். கம்பனிக்கு வேறு விதி இருந்தால் அதைக் கேட்டு நடப்பதே அமானிதம். அட்டையில் உள்ள பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்கட்டும். புள்ளிகளைக் காசுக்கு விற்பதை விமானக் கம்பனிகள் தடுத்துள்ளன. ஒப்புக்கொண்ட நிபந்தனையைப் பேணுவது நமது கடமை.

புள்ளிக்காகக் கூடுதல் விலை கொடுத்து டிக்கட் வாங்குவது மட்டும் வீண்விரயம்.

ஊரில் இருப்போருக்கும் ஒரு வார்த்தை. போர்வை, சவர்க்காரம், பால்மா என்று பட்டியல் அனுப்புமுன், பெட்டியில் கூடும் ஒவ்வொரு கிலோவுக்கும் அவர் என்ன கொடுக்கிறார் என்று கேளுங்கள். அவற்றில் பல ஓட்டமாவடிக் கடைகளிலேயே கிடைக்கும். அவர் வெயிலில் உழைத்த காசு, பெட்டிக் கூலியாகப் போக வேண்டாம்.