இலச்சினையின் வெள்ளையும் வெறுமையும்

பரிசளிப்பு விழா, மீலாத் விழா, விளையாட்டுப் போட்டி என எந்த நிகழ்வின் காணொளியைத் திறந்தாலும் மூலையில் பாடசாலை இலச்சினை இருக்கும். சிலவற்றில் அது காட்சியோடு ஒன்றி நிற்கும். சிலவற்றில் வெள்ளைப் பெட்டிக்குள் அடைபட்டு, ஒட்டிய கடதாசி போலத் தெரியும். அந்தப் பெட்டியை அகற்றுவது எளிது. இலச்சினைக்குச் சேதமில்லாமல் அகற்றுவதற்குத்தான் சற்று விளக்கம் வேண்டும்.

கணினிக்கு வெள்ளை என்பது வெறுமையன்று. அதுவும் ஒரு நிறமே. படத்தின் மிகச் சிறிய சதுரமான பிக்சல் ஒவ்வொன்றும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றுக்கான மூன்று எண்களால் ஆனது. ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை இருக்கலாம். மூன்றும் 255 ஆனால் வெள்ளை. "இங்கே ஒன்றுமில்லை" என்று சொல்ல இம்மூன்றில் வழியில்லை. அதற்கு நான்காவது எண் ஒன்று வேண்டும். அதன் பெயர் அல்பா. அது 0 எனில் பிக்சல் தெரியாது. 255 எனில் முழுமையாகத் தெரியும். இடைப்பட்டது எனில் பின்னாலுள்ள காட்சியும் சேர்ந்து தெரியும். 1970களின் பிற்பகுதியில் நியூயோர்க் தொழினுட்ப நிறுவகத்தில் அல்வி ரே ஸ்மித், எட் கட்மல் ஆகியோர் உருவாக்கிய கருத்து இது.

பிஎன்ஜி கோப்பு இந்த நான்காவது எண்ணைச் சுமக்கும், ஜேபெக் சுமக்காது. எனவே ஜேபெக் இலச்சினை எங்கு சென்றாலும் பெட்டியோடுதான் செல்லும்.

கையில் ஜேபெக் மட்டும் இருந்தால், காணொளி மென்பொருளிலுள்ள "கீ" என்னும் வசதியால் வெள்ளை நிறத்தை நீக்குவோர் பலர். ஆனால் அது வெளியிலுள்ள வெள்ளையையும் உள்ளேயுள்ள வெள்ளையையும் பிரித்தறியாது. பிறையும், விரிந்த புத்தகத்தின் பக்கங்களும், நாடாவில் வெள்ளையால் எழுதிய மகுட வாசகமும் சேர்ந்தே மறையும்.

நம்மைப் போன்ற பாடசாலைகளுக்கு இதில் இன்னொரு கவலையும் உண்டு. மகுட வாசகம் அரபு மொழியில் இருந்தால் புள்ளிகளே எழுத்தைத் தீர்மானிக்கின்றன. சொல்லின் நடுவே ஒரே வடிவத்தின் கீழ் ஒரு புள்ளி இருந்தால் பா. மேலே இரண்டு இருந்தால் தா. மூன்று இருந்தால் ஸா. சிறிய இலச்சினையில் ஒரு புள்ளி சில பிக்சல்களே. வெள்ளையை நீக்கும் அளவைச் சற்றுக் கூட்டினாலும் வெளிறிய பிக்சல்கள் கரைந்து புள்ளி தேயும். புள்ளி போனால் சொல்லே மாறிவிடும்.

ஓரங்களும் கவனத்துக்குரியவை. பச்சைக் கேடயத்தின் ஓரப் பிக்சல் பாதி பச்சையும் பாதி வெள்ளையும் கலந்த வெளிர்பச்சை. அதை அப்படியே விட்டால் இருண்ட காட்சியில் வெள்ளை விளிம்பு தெரியும். முழுவதும் வெட்டினால் ஓரம் படிக்கட்டாகும். கலந்த வெள்ளையை மட்டும் பிரித்தெடுத்து, அந்த அளவுக்கு அல்பாவைக் குறைப்பதே சரி.

இலவச மென்பொருளான கிம்ப் இதைச் செய்யும். முதலில் லேயர் பட்டியில் அல்பா சேனலைச் சேர்க்கவும். ஃபஸி செலக்ட் கருவியால் வெளி வெள்ளையை மட்டும் சொடுக்கவும். தொடர்ச்சியாக உள்ள வெள்ளை மட்டுமே தெரிவாகும். கோட்டுக்குள் மூடிய பிறையும் புத்தகமும் தப்பும். தெரிவை இரண்டு பிக்சல் விரித்து, கலர்ஸ் பட்டியிலுள்ள கலர் டு அல்பாவில் வெள்ளையைக் கொடுக்கவும். பின்பு பிஎன்ஜியாக ஏற்றுமதி செய்யவும். இந்தக் கோப்பைத் தோழிக்குக் கைபேசிச் செயலியில் அனுப்புவதானால் படமாக அன்றி ஆவணமாக அனுப்பவும். படமாக அனுப்பினால் அது மீண்டும் ஜேபெக் ஆகிவிடக்கூடும்.

டாவின்சி ரிசொல்வ், ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் போன்ற மென்பொருள்களில் இந்தக் கோப்பைக் காட்சிக்கு மேலுள்ள அடுக்கில் வைத்தால் போதும். அப்போதும் ஓரத்தில் வெளிறிய கோடு தெரிந்தால், கோப்பின் அல்பா அமைப்பு ஸ்ட்ரெய்ட் என்று உள்ளதா எனப் பார்க்கவும். பிஎன்ஜியில் நிறம் வேறாகவும் அல்பா வேறாகவும் இருக்கும். இரண்டும் முன்பே பெருக்கப்பட்டவை என்று மென்பொருள் எண்ணினால் இந்தக் கோடு வரும்.

அசையும் இலச்சினை செய்வோர் அதை வழக்கமான எம்பி4 ஆகச் சேமித்தால் அல்பா தொலைந்துவிடும். புரோரெஸ் 4444 அல்லது பிஎன்ஜி தொடராகச் சேமிப்பது நன்று. முடிந்த காணொளி எம்பி4 ஆக இருப்பதில் தவறில்லை. அதற்குப் பின்னால் காட்ட வேறு காட்சி இல்லை.

இவற்றையெல்லாம்விட நல்ல வழி, இலச்சினையை வரைந்தவரிடமிருந்து மூலக் கோப்பைப் பெற்று, ஒருமுறை பிஎன்ஜியாக்கிப் பாடசாலைக் கணினியில் வைத்துவிடுவது. வெளியிடுமுன் அதை ஓர் இருண்ட காட்சியிலும் ஒரு வெளிச்சக் காட்சியிலும் வைத்துப் பெரிய திரையில் பாருங்கள். அரபு ஆசிரியையையும் அழைத்து மகுட வாசகத்தை வாசிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறாமல் வாசித்தால் புள்ளிகள் யாவும் தம் இடத்திலேயே இருக்கின்றன.