குஞ்சராணி தேவி: தூக்கியவரும் தூக்கக் கற்பித்தவரும்

2016ஆம் ஆண்டு, ரியோ ஒலிம்பிக்கிற்கான இந்திய அணித் தேர்வுப் போட்டியில், மணிப்பூரைச் சேர்ந்த மீராபாய் சானு 48 கிலோ எடைப்பிரிவில் மொத்தம் 192 கிலோ தூக்கினார். அதற்கு முந்தைய தேசியச் சாதனை 190 கிலோ. பன்னிரண்டு ஆண்டுகள் அசையாதிருந்த அந்தச் சாதனைக்கு உரியவர் குஞ்சராணி தேவி. அவரே அந்நாளில் மீராபாய்க்குப் பயிற்சியளித்தவர்களுள் ஒருவர். தம் பெயரில் நின்ற சாதனையைத் தம் மாணவியே கடந்து செல்லும்படி கற்பித்த அவரைப் பற்றி, முதுகுவலியோடும் முழங்கால் வலியோடும் எங்கள் பிரிவுக்கு வரும் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் நெடுநாள் விருப்பம்.

குஞ்சராணி 1968இல் இம்பாலில் பிறந்தவர். பெண்கள் பளு தூக்குவதே வேடிக்கையாகப் பார்க்கப்பட்ட 1980களில் அத்துறைக்கு வந்தார். 1989இல் மான்செஸ்டரில் நடந்த உலகப் போட்டியில் மூன்று வெள்ளிப் பதக்கங்கள். தொடர்ந்து உலக அரங்கில் பலமுறை வெள்ளி கிட்டியது. தங்கம் மட்டும் ஒருமுறையும் வாய்க்கவில்லை. 1990, 1994 ஆசிய விளையாட்டுகளில் வெண்கலம் வென்றார். மத்திய ரிசர்வ் காவல் படையில் பணியாற்றிக்கொண்டே இவை அனைத்தையும் செய்தார்.

ஒலிம்பிக்கில் பெண்களுக்கான பளுதூக்கும் போட்டி 2000ஆம் ஆண்டில்தான் முதன்முறை இடம்பெற்றது. ஆந்திரத்தின் கர்ணம் மல்லேஸ்வரி சிட்னியில் வெண்கலம் வென்றது பலருக்கும் நினைவிருக்கும். அப்போது குஞ்சராணிக்கு வயது 32. அவர் ஒலிம்பிக் மேடை ஏறியது 2004இல், ஏதென்ஸில், தம் 36ஆம் வயதில். அங்கே தூக்கியதுதான் அந்த 190 கிலோ. இடம் நான்காவது. ஈராண்டு கழித்து, 38 வயதில், மெல்போர்ன் காமன்வெல்த் விளையாட்டில் 166 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். தூக்கிய எடை ஏதென்ஸைவிடக் குறைவு என்பதைக் கவனியுங்கள். வயது தன் பங்கை எடுத்துக்கொண்டது; எஞ்சியதைக் கொண்டு அவர் வென்றார்.

இப்போட்டியில் இரு வகைத் தூக்கல்கள் உண்டு. தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல் கொண்டு செல்வது ஸ்நாட்ச். முதலில் தோள்வரை கொணர்ந்து, பின் தலைக்கு மேல் உயர்த்துவது கிளீன் அண்ட் ஜெர்க். இரண்டிலும் சிறந்தவற்றைக் கூட்டினால் வருவதே மொத்தம். பார்ப்பவர்க்கு இது புயவலிமையாகத் தோன்றும். உண்மையில் சுமையைக் கிளப்புவன தொடைகளும் இடுப்பும். சுமை உடலை ஒட்டியே மேலெழ வேண்டும். ஒரு சாண் விலகினாலும் கீழ்முதுகின் மேல் விழும் பாரம் பெருகிவிடும்.

நம் பக்கத்து ஊர்களில் இளவட்டக்கல் தூக்கியவர்களுக்கு இது புதிதன்று. குந்தி அமர்ந்து, கல்லை அணைத்து, தொடையில் ஏற்றி, மார்போடு சேர்த்துத் தோளுக்குக் கொண்டு போவதே அதன் முறை. அருகில் நின்று சொல்லிக்கொடுக்கும் பெரியவர் ஒருவரும் அங்கே இருப்பார். நெல் மூட்டையையோ நீர்க்குடத்தையோ எடுக்கும்போது மட்டும் இக்கணக்கை மறந்து, காலை நிமிர்த்தி இடுப்பை வளைத்து எடுக்கிறோம். ஒரு சொல் எச்சரிக்கையாக: மூச்சை அடக்கித் தூக்குகையில் இரத்த அழுத்தம் சில நொடிகள் மிக உயரும். கட்டுக்குள் வராத இரத்த அழுத்தமோ குடலிறக்கமோ உள்ளவர்களும், அண்மையில் கண் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் இதைச் செய்யலாகாது.

குஞ்சராணியின் வாழ்வில் ஓர் இருண்ட பக்கமும் உண்டு. அதை மறைத்து எழுதுவது முறையாகாது. 2001இல் தென்கொரியாவில் நடந்த ஆசியப் போட்டியின்போது அவரது உடலில் ஸ்ட்ரிக்னின் இருப்பது கண்டறியப்பட்டு, ஆறு மாதத் தடை விதிக்கப்பட்டது. ஸ்ட்ரிக்னின் என்பது நாம் அறிந்த எட்டிக்கொட்டையில் உள்ள நஞ்சு. சுத்திகரித்துச் சில மருந்துகளில் சேர்க்கும் வழக்கம் நம் நாட்டில் உண்டு. விளையாட்டு வீரர் அல்லாதவரும் இதைக் கருதுவது நன்று. பெயரில்லாப் பொட்டலத்தில் வரும் வலி மருந்தை உட்கொள்பவர் எங்களிடம் வரும்போது, அதையும் கையோடு கொண்டு வாருங்கள். நாங்கள் கடிந்துகொள்ள மாட்டோம். என்ன மருந்தெனத் தெரிந்துகொள்ளவே கேட்கிறோம்.

அத்தடையிலிருந்து மீண்டு வந்தே அவர் ஏதென்ஸுக்குச் சென்றார். பிறகு பயிற்சியாளரானார். 2011இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

பயிற்சியாளர் செய்வது என்ன? பயிற்சி தொடங்கிய முதற் சில வாரங்களில் தசை பெரிதாக வளர்வதில்லை. ஆயினும் வலிமை கூடுகிறது. எத்தசையை எப்போது இயக்குவது, எதைத் தளரவிடுவது என்று நரம்பு மண்டலம் கற்றுக்கொள்வதே அதற்குக் காரணம். இக்கற்றலில் தூக்குபவருக்குத் தம் முதுகு தெரியாது. வெளியிலிருந்து பார்க்கும் ஒரு கண் வேண்டும். தாம் பல்லாயிரம் முறை தூக்கிய ஒருவருக்கு, அடுத்தவரின் இடுப்பு அரைக்கணம் முந்தி எழுவது சட்டெனப் புலப்படும். எங்கள் இயன்முறை மருத்துவர்கள் வீட்டிலேயே பயிற்சி செய்துகொள்ளுங்கள் என்று விட்டுவிடாமல் திரும்ப வரச் சொல்வது இதனால்தான். வேலூர் சத்துவாச்சாரியின் சதீஷ் சிவலிங்கம் 2014, 2018 காமன்வெல்த் போட்டிகளில் தங்கம் வென்றவர். அவருடைய தந்தையும் பளு தூக்கியவரே.

மீராபாய், பள்ளிப் பாடநூலில் குஞ்சராணியைப் பற்றிப் படித்தே இத்துறைக்கு ஈர்க்கப்பட்டவர். ஆசிரியையின் சாதனையை முறித்த அதே ஆண்டில், ரியோவில், கிளீன் அண்ட் ஜெர்க்கின் மூன்று முயற்சிகளிலும் தோற்றார். அடுத்த ஆண்டு உலகச் சாம்பியன் ஆனார். 2018இல் கீழ்முதுகு வலியால் ஆசிய விளையாட்டில் கலந்துகொள்ள இயலவில்லை. விஜய் சர்மாவின் பயிற்சியில் மீண்டு, டோக்கியோவில் 202 கிலோ தூக்கி வெள்ளி வென்றார். 2024இல் பாரிஸில் அவருக்கும் கிட்டியது நான்காம் இடமே. பதக்கம் ஒரே கிலோவில் தவறியது.

இதை எழுதும்போது எங்கள் மனத்தில் இருப்பவர் ஒரு கல்யாணச் சமையற்காரர். முப்பது ஆண்டு அண்டா தூக்கியவர். தண்டுவட அறுவை சிகிச்சைக்குப் பின், இனிப் பாரம் தூக்கலாகாது என்று கூறியபோது, “தூக்காம நான் அங்க போயி என்னங்கய்யா செய்ய?” என்று கேட்டார். மாத்திரைச் சீட்டில் எழுதித் தரக்கூடிய விடை எங்களிடம் இல்லை. அவருடைய மகன்களை அழைத்துப் பேசினோம். அவரை வீட்டில் உட்கார வைத்துவிடாதீர்கள், வேலைக்கு உடன் அழைத்துச் செல்லுங்கள் என்றோம். இப்போது அடுப்படியில் அவருக்கு ஒரு நாற்காலி உண்டு. அண்டாவை இறக்கும் இளைஞர்களை நோக்கி “காலை மடக்கு, காலை மடக்கு” என்று அவர் சத்தமிடுவதாகவும், பந்தி முடியும்வரை அந்தச் சத்தம் ஓய்வதில்லை என்றும் மகன்கள் குறைப்பட்டுக்கொள்கிறார்கள்.