கருவூலமும் வங்கியும்

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க அரசு பெருங்கடன் பட்டது. அக்கடனுக்கு வட்டி உயராதிருத்தல் வேண்டும் என்று அது விரும்பியது. 1942ஆம் ஆண்டில், அந்நாட்டின் மைய வங்கியாகிய பெடரல் ரிசர்வ் அதற்கு உடன்பட்டு, நீண்டகாலக் கடன் பத்திரங்களின் வட்டி நூற்றுக்கு 2½க்கு மேற்செல்லாதவாறு காத்தது. காக்கும் வழி யாது? பத்திரங்களை விற்போர் மிகுந்து விலை தாழுமிடத்து, வங்கியே அவற்றை வாங்கிக்கொள்ளும். அதற்குக் கொடுக்கும் பணமோ புதிதாய்ப் பிறந்த பணம். பண்டங்கள் பெருகாதிருக்கப் பணம் மட்டும் பெருகின், விலைவாசி ஏறுதல் இயல்பன்றோ?

போர்க்காலத்தில் இவ்வேற்பாடு பொருந்தியிருக்கலாம். 1950இல் கொரியப் போர் மூண்டு, மக்கள் பண்டங்களை விரைந்து வாங்கத் தலைப்பட்டபோது விலைகள் கடுகி ஏறின. வங்கி வட்டியை உயர்த்த விழைந்தது, கருவூலம் இசையவில்லை. 1951 சனவரி 31ஆம் நாள், குடியரசுத் தலைவர் ட்ரூமன் வங்கிக் குழுவினரைத் தம் மாளிகைக்கு அழைத்துப் பேசினார். அவர்கள் உறுதி யாதும் தந்திலர். எனினும், வங்கி இசைந்துவிட்டது என்று அரசு அறிவித்தது. குழுவினருள் ஒருவரான எக்கிள்சு வாளா இருக்கவில்லை. கூட்டத்தில் நிகழ்ந்ததைக் கூறும் குறிப்பையே செய்தித்தாள்களுக்கு அளித்துவிட்டார். பதவியில் இருப்பவர்க்கு அஃது எளிய செயலன்று.

மார்ச்சு 4ஆம் நாள் இருதிறத்தாரும் உடன்பாடு கண்டனர். பத்திர விலையைத் தாங்கும் சுமை வங்கியை விட்டு நீங்கியது. வங்கித் தலைவர் மெக்கேப் பதவி துறந்தார். கருவூலத்தின் சார்பில் பேச்சு நடத்திய மார்ட்டினையே ட்ரூமன் அவ்விடத்தில் அமர்த்தினார். குடியரசுத் தலைவர் ஜான்சன் விரும்பாதிருக்கவும், 1965 திசம்பரில் வங்கியின் வட்டியை 4இலிருந்து 4½ ஆக உயர்த்தியவர் அம்மார்ட்டினே.