எல்லைக் காவல்: ஆறு எல்லைகள், நான்கு படைகள்

இந்தியாவின் நில எல்லை 15,106 கிலோமீட்டர் நீளம் கொண்டது. அது ஏழு நாடுகளைத் தொடுகிறது என்று பாடப்புத்தகம் சொல்லும். அவற்றுள் ஆப்கானிஸ்தானுடனான 106 கி.மீ. பாகிஸ்தான் ஆக்கிரமிப்புக் காஷ்மீரில் இருப்பதால், உண்மையில் காவல் நடப்பது ஆறு எல்லைகளில்தான். வங்கதேச எல்லை எல்லாவற்றிலும் நீளமானது: 4,096 கி.மீ. சீன எல்லை 3,488, பாகிஸ்தான் எல்லை சுமார் 3,320, நேபாளம் 1,751, மியான்மர் 1,643, பூடான் 699 கி.மீ. பனிமலை, பாலைவனம், உப்புச் சதுப்பு, அடர்காடு, ஆற்றுத் திட்டு, நெல்வயல் என நிலம் மாறிக்கொண்டே போகிறது. அண்டை நாட்டுடனான உறவும் அப்படித்தான். ஓரிடத்தில் பலிக்கும் காவல்முறை இன்னோரிடத்தில் பலிப்பதில்லை.

போர் வந்தால் எல்லையைக் காப்பது ராணுவம். ஆனால் அமைதிக் காலத்தில் அன்றாடம் ரோந்து போய், கடத்தலையும் ஊடுருவலையும் தடுக்கும் வேலை பெரும்பாலும் உள்துறை அமைச்சகத்தின் கீழுள்ள படைகளுடையது. ராணுவத்தைக் கொண்டுபோய் எல்லையில் நிறுத்தினாலே பக்கத்து நாடு அதைப் போருக்கான ஆயத்தம் என்று எடுத்துக்கொள்ளும். காவல் படை நின்றால் அப்படி ஆகாது. இந்த வேறுபாடு 1965 வரை டெல்லியில் தெளிவாக உணரப்படவில்லை. அதுவரை பாகிஸ்தான் எல்லையை அந்தந்த மாநிலத்தின் ஆயுதப் போலீசார் காத்துவந்தனர். 1965 ஏப்ரலில் கட்ச் பகுதியின் சர்தார் போஸ்ட் உள்ளிட்ட சாவடிகளைப் பாகிஸ்தான் படை தாக்கியபோது, மாநிலப் போலீசால் அதைச் சமாளிக்க முடியாது என்பது வெளிச்சமானது. அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று கே.எஃப். ருஸ்தம்ஜியின் தலைமையில் எல்லைப் பாதுகாப்புப் படை, அதாவது பி.எஸ்.எஃப்., உருவானது. இன்று அதில் இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்டோர் பணியாற்றுகின்றனர்.

மற்ற மூன்று படைகளில் அசாம் ரைபிள்ஸ்தான் மூத்தது. 1835-ல் கச்சார் லெவி என்ற பெயரில் ஆங்கிலேயர் தொடங்கியது. சீனப் போர் நடந்துகொண்டிருந்த 1962 அக்டோபரில் இந்தோ-திபெத் எல்லைக் காவல் படை பிறந்தது. சஷஸ்திர சீமா பல் அதற்கு மறு ஆண்டு வேறொரு பெயரில், வேறொரு நோக்கத்துக்காகத் தொடங்கப்பட்டு, 2001-ல் நேபாள எல்லைக்கும் 2004-ல் பூடான் எல்லைக்கும் அனுப்பப்பட்டது.

யார் எந்த எல்லைக்குப் பொறுப்பு என்ற கேள்வியைக் கார்கில் போர் கூர்மையாக எழுப்பியது. 1999 ஜூலையில் அமைக்கப்பட்ட கார்கில் ஆய்வுக் குழுவுக்குத் தலைவர் திருச்சியில் பிறந்த கே. சுப்ரமணியம். அதன் அறிக்கையைத் தொடர்ந்து கூடிய அமைச்சர்கள் குழு, 2001-ல் 'ஓர் எல்லைக்கு ஒரே படை' என்ற விதியைப் பரிந்துரைத்தது. ஒரே எல்லையில் பல படைகள் நின்றால் தவறுக்கு யாரும் பொறுப்பேற்பதில்லை என்பது அதன் காரணம். தேர்தலுக்கும் கலவரத்துக்கும் எல்லைப் படைகளை அடிக்கடி உள்நாட்டுக்கு இழுப்பதையும் அக்குழு குறை கூறியது. முதல் பரிந்துரை பெருமளவு நிறைவேறியது. இரண்டாவது இன்னும் கோப்பில்தான் இருக்கிறது என்றே சொல்ல வேண்டும். தேர்தல் வந்தால் இன்றும் எல்லைப் படைக் கம்பெனிகள் வாக்குச்சாவடிக்குக் கிளம்புகின்றன.

பாகிஸ்தான் எல்லையில் இரவு முழுவதும் எரியும் விளக்குகள் விண்வெளியிலிருந்தே ஆரஞ்சு நிறக் கோடாகத் தெரியும். வேலியும் வெளிச்சமும் வலுத்தபின் கடத்தல்காரர்கள் அதன் அடியிலும் மேலேயும் வழி தேடினர். ஜம்முவின் சம்பா பகுதியில் வேலிக்குக் கீழே சுரங்கங்கள் கண்டுபிடிக்கப்பட்டன. 2019 முதல் பஞ்சாபில் டிரோன்கள் ஹெராயினையும் துப்பாக்கிகளையும் வயலில் போட்டுவிட்டுத் திரும்புகின்றன. 2024-ல் மட்டும் அந்த மாநில எல்லையில் 290-க்கு மேற்பட்ட டிரோன்கள் பிடிபட்டன. சில ஆயிரம் ரூபாய் கூலிக்கு அந்தப் பொட்டலத்தை எடுத்துக் கொடுப்பவர் பெரும்பாலும் உள்ளூர்க்காரர்.

வங்கதேச எல்லையில் சிக்கல் வேறு மாதிரி. 1947 பிரிவினையின்போது ஆங்கிலேய வழக்கறிஞர் ராட்கிளிஃப் கிழித்த கோடு ஊரையும் குளத்தையும் சில இடங்களில் வீட்டையுமே பிளந்தது. இருபுறமும் ஒரே மொழி, ஒரே உணவு, உறவுமுறை. இந்த எல்லையில் சுமார் 3,230 கி.மீ.க்கு வேலி போட்டாகிவிட்டது. எஞ்சிய 860 சொச்சம் கி.மீ.யில் ஆறும் சதுப்பும் மலைச்சரிவும் உண்டு. நிலம் கையகப்படுத்துவதில் தகராறும் உண்டு. பிரம்மபுத்திராவின் மணல் திட்டுகள் ஒவ்வொரு வெள்ளத்திலும் இடம் மாறுவதால் அங்கே வேலிக்கம்பம் நிற்காது. அதனால் அசாமின் துப்ரியில் 61 கி.மீ. ஆற்றுப் பகுதிக்கு 2019-ல் உணரிகளும் கேமராக்களும் கொண்ட கண்காணிப்பு ஏற்பாடு தொடங்கப்பட்டது.

வேலி எல்லைக் கோட்டின் மீதே நிற்பதில்லை. கோட்டிலிருந்து 150 கஜத்துக்குள் எந்தப் பாதுகாப்புக் கட்டுமானமும் கூடாது என்று 1975-ல் இரு நாடுகளும் ஒப்புக்கொண்டன. வேலியைப் பாதுகாப்புக் கட்டுமானமாகவே வங்கதேசம் கருதுகிறது. ஆகவே வேலி இந்திய மண்ணுக்குள் தள்ளி அமைந்தது. இந்திய விவசாயிகளின் வயல்கள், சில இடங்களில் வீடுகளே, வேலிக்கு அப்பால் போய்விட்டன. உழப் போகிறவர் குறித்த நேரத்தில் திறக்கும் கேட்டில் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். மாலையில் கேட் மூடுவதற்குள் திரும்ப வேண்டும். என்ன பயிர் வைப்பது என்பதில்கூடக் கட்டுப்பாடு. சணல் ஆள் உயரத்துக்கு வளர்ந்து பார்வையை மறைக்கும் என்பது காவலரின் கவலை. அதுதான் நல்ல விலைக்குப் போகும் என்பது விவசாயியின் கணக்கு.

மாடு, இருமல் மருந்து, எதிர்த் திசையில் கள்ள நோட்டு, தங்கம் என்று கடத்தல் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைத் தடுக்கும் துப்பாக்கிச் சூடு உயிர்களையும் பறித்திருக்கிறது. 2011 ஜனவரியில் முள்வேலி ஏறிய 15 வயதுச் சிறுமி சுடப்பட்டு, உடல் வேலியிலேயே மணிக்கணக்கில் தொங்கிய படம் வங்கதேசத்தையே கொந்தளிக்க வைத்தது. அதன்பின் உயிரைப் பறிக்காத ஆயுதங்களுக்கு இந்த எல்லையில் முதலிடம் தரப்பட்டது. அப்படியும் சாவுகள் நிற்கவில்லை. மென்மையான முயற்சிகளும் உண்டு. 2023-ல் மேற்கு வங்கத்தின் நதியா மாவட்டத்தில் பி.எஸ்.எஃப். வேலியை ஒட்டித் தேனீப் பெட்டிகளை வைத்தது. வேலியை அறுக்க வருபவனைத் தேனீ கொட்டும். தேன் ஊராருக்கு வருமானம்.

இந்த எல்லைக்கு மிகப் பெரிய பாதுகாப்பை ஓர் ஒப்பந்தம் தந்தது என்பதைப் பலரும் மறந்துவிடுகிறோம். வங்கதேசத்துக்குள் 111 இந்தியத் திட்டுகளும், இந்தியாவுக்குள் 51 வங்கதேசத் திட்டுகளும் தனித்தனித் தீவுகள் போல் கிடந்தன. அவற்றில் வாழ்ந்த ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டோருக்குப் போலீசும் இல்லை, பள்ளியும் இல்லை. இவற்றைப் பரிமாறிக்கொள்ள 1974-ல் கையெழுத்தான ஒப்பந்தம், 100-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்துக்குப் பின் 2015 ஜூலை 31 நள்ளிரவில்தான் நடைமுறைக்கு வந்தது. கையெழுத்துக்கும் நிறைவேற்றத்துக்கும் இடையே நாற்பத்தோரு ஆண்டுகள்.

மியான்மர் எல்லையில் நாகர், குக்கி, மிசோ மக்கள் இருபுறமும் வாழ்கிறார்கள். நாகாலாந்தின் லோங்வா ஊரில் தலைவரின் வீட்டுக்குள்ளேயே எல்லை ஓடுகிறது. இவர்கள் விசா இல்லாமல் இருபுறமும் 16 கி.மீ. வரை போய்வரலாம் என்ற ஏற்பாட்டை 2024 பிப்ரவரியில் மத்திய அரசு நீக்குவதாக அறிவித்தது. மிசோரம், நாகாலாந்து சட்டமன்றங்கள் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றின. பின்னர் 10 கி.மீ. எல்லையும் அனுமதிச் சீட்டும் கொண்ட கட்டுப்பாடு வந்தது. மணிப்பூரின் எல்லை ஊரான மோரேயில் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. 1960-களில் பர்மாவை விட்டு வெளியேறியவர்களில் சிலர் தரைவழியாகத் திரும்பிப் போக முயன்று, முடியாமல் அங்கேயே தங்கிவிட்டனர். அங்காள பரமேஸ்வரிக்குக் கோயிலும் எழுப்பினர்.

கடலில் வேலியே கிடையாது. 1993 மும்பை குண்டுவெடிப்புக்கான வெடிபொருள் ராய்கட் கரையில் இறங்கியது. 2008 நவம்பரில் கராச்சியிலிருந்து வந்த பத்துப் பேர் 'குபேர்' என்ற இந்திய மீன்பிடிப் படகைக் கைப்பற்றி மும்பையை அடைந்தனர். அதன்பின் பொறுப்புகள் பிரிக்கப்பட்டன: 12 கடல் மைல் வரை மாநிலக் கடலோரப் போலீஸ், அங்கிருந்து 200 கடல் மைல் வரை இந்தியக் கடலோரக் காவல் படை, ஒட்டுமொத்தப் பொறுப்பு கடற்படைக்கு. மீனவர்களுக்கு அடையாள அட்டை வந்தது. 20 மீட்டருக்கு நீளமான படகுகள் இருப்பிடம் காட்டும் கருவி பொருத்த வேண்டும். ஆனால் நம் கரையிலுள்ள படகுகளில் பெரும்பாலானவை அதைவிடச் சிறியவை. பாக் நீரிணையில் கடலட்டை, பீடி இலை, மஞ்சள், தங்கம் கடத்துபவரும், இறால் தேடி எல்லைக் கோட்டைத் தாண்டும் மீனவரும் ஒரே மாதிரிப் படகில்தான் போகிறார்கள். அவர்களைப் பிரித்தறிவது ரேடாரால் ஆகாது.

1999 மே மாதம் கார்கில் மலைகளில் அந்நியர் புகுந்ததை முதலில் ராணுவத்திடம் சொன்னவர் தாஷி நம்கியால் என்ற ஆட்டிடையர். காணாமல் போன தன் யாக் எருதைத் தேடிப் போனவர். அப்படிப்பட்டவர்கள் வாழும் ஊர்கள் இப்போது வேலையும் பள்ளியும் தேடி நகரத்துக்குக் காலியாகின்றன. எல்லைக்கு அப்பால் சீனாவோ புதிய ஊர்களைக் கட்டிக் குடியேற்றுகிறது. 2023 ஏப்ரலில் அருணாசலின் கிபித்தூவில் தொடங்கிய 'துடிப்பான கிராமங்கள்' திட்டம் முதலில் 662 ஊர்களைத் தேர்ந்தெடுத்தது. சாலை, மின்சாரம், செல்போன் கோபுரம், சுற்றுலா விடுதி ஆகியவை அதன் பட்டியலில் உள்ளன. 2025-ல் ஒப்புதல் பெற்ற இரண்டாம் கட்டம், மற்ற எல்லைகளின் ஊர்களையும் சேர்த்துக்கொண்டிருக்கிறது.