சேவல் முட்டை முதல் குரங்கு வரை... இங்கிலாந்து ஊர்க்காரர்களுக்கு பட்டப்பெயர் வந்த கதை

லண்டன்காரர் 'காக்னி'. லிவர்பூல்காரர் 'ஸ்கவுசர்'. நியூகாசில்காரர் 'ஜோர்டி'. பர்மிங்காம்காரர் 'பிரம்மி'. இங்கிலாந்தில் ஊருக்கு ஊர் இப்படி பட்டப்பெயர் உண்டு. பல பெயர்கள் உழைக்கும் மக்களை கிண்டல் செய்ய கிளம்பியவை. இன்று அந்த ஊர்க்காரர்கள் அதையே மார்தட்டி சொல்லிக் கொள்கிறார்கள்.

சேவல் போட்ட முட்டை!

600 ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் காக்னி என்றால் 'சேவல் முட்டை'. சேவல் எங்கே முட்டை போடும்? கோழி எப்போதாவது போடும் சின்ன, கோணல் முட்டையைத்தான் அப்படி சொன்னார்கள். பிறகு அது செல்லம் கொடுத்து கெட்டுப்போன பிள்ளைக்கு பெயரானது. வெயில் மழை தெரியாத டவுன்காரர்களை கிராமத்து ஆட்கள் அப்படி கேலி செய்தார்கள். 1600-ம் ஆண்டு வாக்கில் அது லண்டன்காரர்களுக்கே நிலைத்து விட்டது.

இன்னொரு கதையும் உண்டு. குதிரை கனைக்கும் என்று அப்பாவிடம் தெரிந்து கொண்ட லண்டன் பையன், சேவல் கூவியதும் ''சேவலும் கனைக்குமா?'' என்று கேட்டானாம். சேவலுக்கு ஆங்கிலத்தில் 'காக்', கனைப்புக்கு 'நே'. இரண்டும் சேர்ந்து காக்னி என்று 1617-ல் வந்த ஓர் அகராதி எழுதியது. அது கட்டுக்கதை என்று மொழி அறிஞர்கள் தள்ளி விட்டார்கள்.

செயின்ட் மேரி லெ போ தேவாலயத்தின் மணிச்சத்தம் கேட்கும் தூரத்தில் பிறந்தவர்தான் அசல் காக்னி என்பது பழைய கணக்கு. 1941-ல் ஜெர்மனி போட்ட குண்டில் அந்த மணிகள் நாசமாகின. புது மணிகள் 1961-ல்தான் ஒலித்தன. கறாராக பார்த்தால் அந்த 20 வருடம் ஒரு காக்னி கூட பிறக்கவில்லை!

கறி இல்லாத குழம்பு

லிவர்பூல் துறைமுக ஊர். கப்பல் தொழிலாளிகள் கறி, உருளைக்கிழங்கு, வெங்காயம், காய்ந்த கப்பல் ரொட்டி எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டு வேகவைத்து சாப்பிட்டார்கள். அதன் பெயர் 'லாப்ஸ்கவுஸ்'. அதை தின்பவர் ஸ்கவுசர் ஆனார். கறி வாங்க காசு இல்லாத வீட்டில் வெறும் காய்கறி மட்டும் வேகும். அதற்கு 'குருட்டு ஸ்கவுஸ்' என்று பெயர். ஏழையின் சாப்பாட்டை வைத்து வந்த பெயர்தான் இது. இப்போது பிப்ரவரி 28-ந்தேதியை 'ஸ்கவுஸ் தினம்' என்று கொண்டாடுகிறார்கள்.

கள்ளக்காசு ஊர்

பர்மிங்காமை உள்ளூர் பேச்சில் 'பிரம்மஜம்' என்பார்கள். 17-ம் நூற்றாண்டில் அங்கே கள்ளக்காசு அடித்ததால், போலி சரக்குக்கே பிரம்மஜம் என்று பெயர் வந்தது. அதை சுருக்கித்தான் பிரம்மி.

உயிர் காத்த விளக்கு

ஜார்ஜ் என்ற பெயரை செல்லமாக கூப்பிட்டால் ஜோர்டி. அது எப்படி ஒரு வட்டாரத்துக்கே பெயரானது என்பதற்கு இரண்டு விளக்கம் சொல்கிறார்கள். 1745-ல் நடந்த கலகத்தில் நியூகாசில் மன்னர் ஜார்ஜ் பக்கம் நின்றதால் வந்தது என்பது ஒன்று. சுரங்க விளக்கால் வந்தது என்பது மற்றொன்று.

அந்த விளக்குக்கு ஒரு சோகப் பின்னணி உண்டு. 1812-ல் பக்கத்து ஊரான பெல்லிங் நிலக்கரி சுரங்கம் வெடித்து 92 பேர் செத்தார்கள். சின்னப் பையன்களும் அதில் அடக்கம். சுரங்க வாயுவில் தீ பட்டால் போதும், வெடித்து விடும். 1815-ல் ஜார்ஜ் ஸ்டீபன்சன் என்ற சுரங்க என்ஜின் தொழிலாளி, வெடிக்காத விளக்கு ஒன்றை செய்தார். 18 வயது வரை எழுதப்படிக்க தெரியாதவர் அவர்.

அதே ஆண்டு விஞ்ஞானி ஹம்ப்ரி டேவியும் ஒரு விளக்கு செய்தார். 'படிக்காதவன் இதை செய்திருக்க முடியாது, திருடி விட்டான்' என்று டேவி தரப்பு பழி போட்டது. டேவிக்கு பரிசு 2 ஆயிரம் பவுண்டு. ஸ்டீபன்சனுக்கு ஊர்க்காரர்கள் வசூல் செய்து ஆயிரம் பவுண்டு கொடுத்தார்கள். 1833-ல் பாராளுமன்ற குழு விசாரித்து ஸ்டீபன்சனுக்கும் சம உரிமை உண்டு என்று சொன்னது. அதற்கு முன்பே அந்த வட்டார தொழிலாளிகள் 'ஜோர்டி விளக்கை' கையில் எடுத்து விட்டார்கள்.

அங்கிருந்து சுமார் 20 கிலோ மீட்டரில் சண்டர்லேண்ட். அந்த ஊர்க்காரரை ஜோர்டி என்று கூப்பிட்டால் சண்டைக்கே வந்து விடுவார். அவர் 'மாக்கம்'. 'செய்கிறோம்' என்பதை அங்கே 'மாக்' என்று இழுத்து சொல்வார்கள். அவர்கள் செய்தது கப்பல். அந்த கப்பல் பட்டறைகள் 1988-ல் மூடப்பட்டன. பெயர் மட்டும் இருக்கிறது.

குரங்கை தூக்கில் போட்டவர்கள்

ஹார்ட்டில்பூல்காரர்களுக்கு கிடைத்த பெயர்தான் மோசம்... 'குரங்கை தூக்கில் போட்டவர்கள்'. நெப்போலியன் போர் சமயத்தில் உடைந்த பிரெஞ்சு கப்பலில் இருந்து கரை ஒதுங்கிய குரங்கை, உளவாளி என்று நினைத்து மீனவர்கள் தூக்கில் போட்டார்களாம். நடந்ததற்கு ஆதாரம் இல்லை. கேலி மட்டும் ஓயவில்லை.

ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? தங்கள் கால்பந்து அணிக்கு குரங்கையே சின்னமாக வைத்தார்கள். குரங்கு வேஷம் கட்டி மைதானத்தில் ஆடிய ஸ்டூவர்ட் டிரம்மண்ட் 2002-ல் மேயர் தேர்தலில் நின்றார். 'பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச வாழைப்பழம்' என்று வாக்குறுதி கொடுத்தார். ஜெயித்தும் விட்டார். 2005, 2009 தேர்தல்களிலும் அவருக்கே வெற்றி. 2013-ல் அந்த மேயர் பதவியே ஒழிக்கப்படும் வரை நாற்காலியில் இருந்தவர் அவர்தான்.