அமெச்சூர் வானொலியில் குறிகைத் தர மதிப்பீடு: ஒரு மொழியியல் நோக்கு

அமெச்சூர் வானொலி நிலையமொன்றின் குறிகை எத்தகைய தரத்துடன் சென்று சேர்கிறது என்பதைக் கேட்போர் கூறியே அனுப்புவோர் அறிதல் வேண்டும். இதற்குப் பயன்படும் ஆர்.எஸ்.டி. முறையை 1934ஆம் ஆண்டில் அமெரிக்க அமெச்சூர் வானொலியாளர் ஆர்தர் பிராட்டன் முன்மொழிந்தார். இதில் ஆர் என்பது புரிதிறன் (1 முதல் 5 வரை). எஸ் என்பது வலிமை (1 முதல் 9 வரை). டி என்பது மோர்சுத் தந்திக்குரிய தொனித் தூய்மை (1 முதல் 9 வரை). பேச்சிற்கு முதலிரண்டு மட்டுமே உரியன. எனவே '59' என்பது 'முழுதும் புரிகிறது, மிக வலிமையாகக் கேட்கிறது' எனப் பொருள்படும்.

ஆர் குறிக்கும் பண்பை 'வாசிப்புத்திறன்' என நேர்ச்சொல்லாகப் பெயர்ப்பது பொருந்தாது. இங்கு வாசிப்பு இல்லை. 'கேட்டுப் புரிதிறன்' என்பதே கருத்தைத் தரும்.

நடைமுறையில் இவ்வெண் தன் பொருளை இழந்து வருகிறது. வானொலிப் போட்டிகளில் குறிகை எவ்வாறிருப்பினும் '59' என்றே கூறப்படுகிறது. அதனை அடுத்தே 'அழைப்புக்குறியை மீண்டும் கூறுக' என்னும் வேண்டுகோளும் எழுவதுண்டு. 'நலமா?' என்பதற்கு 'நலம்' என விடையிறுப்பதை இது ஒத்தது. உறவைப் பேணும் இம்மொழி, அளவையாகப் பயன்படாது.

வலிமை வேறு, புரிதிறன் வேறு. ஒலிவாங்கியின் ஒலியளவை மிகுத்தால் வலிமை கூடியதாகத் தோன்றும், பேச்சோ திரிபுறும். மேலும், ஒற்றைப் பக்கப்பட்டைப் பரப்பலில் ஏறத்தாழ 300 முதல் 2700 ஹெர்ட்சு வரையுள்ள ஒலிகளே செல்கின்றன. ஆந்திரத்தின் தமிழ்-தெலுங்கு எல்லைப் பகுதியிலுள்ள புத்தூர், சித்தூர் என்னும் ஊர்ப்பெயர்களை நோக்குக. 2022இல் திருப்பதி மாவட்டம் அமையும்வரை புத்தூர் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. இரு பெயர்களும் முதலசையில் மட்டுமே வேறுபடுகின்றன. தமிழர் நாவில் உரசொலியாக வரும் சகரத்தின் ஆற்றல் பெரிதும் 3000 ஹெர்ட்சுக்கு மேல் அமைவதால் அது வெட்டுண்கிறது. இகர, உகரங்களின் முதல் ஒத்ததிர்வு ஏறத்தாழ ஒன்றே. அவற்றைப் பிரிப்பது இரண்டாம் ஒத்ததிர்வு. இகரத்தில் அது பொதுவாக 2000 ஹெர்ட்சுக்கு மேல் அமைகிறது. குறுக்கீட்டைத் தவிர்க்கக் கேட்போர் தம் வடிப்பானைச் சுருக்கினால் அதுவும் மறையக்கூடும். அந்நிலையில் சித்தூர் புத்தூராகக் கேட்க வாய்ப்புண்டு. எஸ் எண் அப்போதும் 9 ஆகவே இருக்கலாம்.

ஆகவே தர மதிப்பீட்டிற்குச் சொற்பட்டியல் முறை ஏற்றது. தொலைபேசிப் பொறியியலில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே இத்தகைய முறை வழங்கி வருகிறது. 'வாலை, வாளை, வாழை' போன்ற ஓரொலி வேறுபாட்டுச் சொற்களைச் சூழலின்றி, வரிசை மாற்றிப் படித்தல் வேண்டும். கேட்போர் கேட்டவாறே எழுதுதல் வேண்டும். சரியான விடைகளின் விழுக்காடு புரிதிறனைக் காட்டும். பிழைகளின் வகை, எவ்வொலிகள் சிதைகின்றன என்பதைக் காட்டும். தெலுங்கிற்கு மூச்சொலிகளை வேறுபடுத்தும் தனிப்பட்டியல் தேவை.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை தாக்கியபோது, பாரதி பிரசாத் தலைமையில் போர்ட் பிளேயரில் இருந்த அமெச்சூர் குழுவினர், அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கும் வெளியுலகிற்கும் இடையே செய்திகளைக் கடத்தினர். அத்தகைய வேளையில் ஓர் ஊர்ப்பெயரின் முதலசை பிறழ்ந்தால் உதவி வேற்றூருக்குச் செல்லும். முகமனாகக் கூறப்படும் '59' அப்பிறழ்வைக் காட்டாது. கேட்டெழுதிய சொல்லே காட்டும்.